வெள்ளத்துக்குக் கட்டிய மண் அணை: அடிமதகை அடைக்கலாமா?

16 ஆகஸ்ட் 2024
(வாசகர் கேள்வி)

அணைக்கட்டு தாலுகாவில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு மேலே ஒரு சின்ன மண் அணை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஊருக்குள் புகாமல் இருக்க எங்கள் அப்பா காலத்தில் கட்டியது. கரையின் அடியில் தண்ணீர் வெளியே போகும் அடிமதகு எப்போதும் திறந்தே கிடக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் உள்ளே மாடுதான் மேய்கிறது. நேற்று கிராம சபையில், மதகைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டு, அணை நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கடைவாசலை ஒன்றரை அடி உயர்த்தினால் சித்திரை வரை தண்ணீர் நிற்கும், கிணறெல்லாம் ஊறும் என்று பேசித் தீர்மானம் போட்டோம். சிலர் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். கட்டின அணையில் தண்ணீர் நிற்கக் கூடாதா? இதில் என்ன தப்பு?

17 ஆகஸ்ட், காலை

அடைக்க வேண்டாம். உயர்த்தவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு வேலை, ஒரே தீர்மானத்தில் சேர்த்ததே சரியில்லை. விவரமாக இரவு எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே கேட்கிறேன். ஒடுகத்தூர்ப் பக்கம், ஓடை வளையும் இடத்தில் கன்னிமார் கோயிலை ஒட்டி இருக்கும் அணைதானே? அப்படியென்றால் அதற்குக் கீழே மூன்றாவது ஏரி எங்களுடையது. உங்கள் கடைவாசலில் விழுகிற தண்ணீர் எங்கள் ஏரிக்கு வந்துதான் உத்திரகாவேரி ஆற்றுக்குப் போகிறது.

17 ஆகஸ்ட், இரவு

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டுவிட்டார், அதே அணைதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரி என்பது தண்ணீரை வைத்திருக்கக் கட்டியது. உங்கள் அணை இடத்தை வைத்திருக்கக் கட்டியது. அந்தக் காலி இடம்தான் அதன் சொத்து. மலையில் மேகம் உடைத்துக்கொண்டு பெய்யும்போது ஓடை ஒரேயடியாகப் பொங்கி வரும். அந்தப் பொங்கல் காலியாகக் கிடக்கும் அணைக்குள் விழுந்து அடங்கி, அடிமதகு வழியாக அளவாக வெளியே போகும். இரண்டு நாளில் அணை மறுபடி காலி, அடுத்த மழைக்குத் தயார். மதகை அடைத்துவிட்டால் ஆவணியில் பெய்கிற இடிமழைக்கே அது நிரம்பிவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வெள்ளத்துக்கு உள்ளே இடம் இருக்காது. நேராகக் கடைவாசல்தான்.

நம் வட ஆற்காட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். தஞ்சாவூர்க்காரருக்கு மழை என்றால் முக்கியமாக ஐப்பசி அடைமழை. நமக்கு ஆடி, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழையும் உண்டு, அதற்கு மேல் புயல் மழையும் உண்டு. முதல் மழையில் நிரம்பிய அணை இரண்டாவது மழைக்கு உதவாது.

18 ஆகஸ்ட்

"கிணறு வற்றினால் நீங்கள் வந்து தண்ணீர் ஊற்றுவீர்களா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார் தம்பி. நியாயமான கேள்வி. பாலாற்றுப் படுகையில் கிணறு வைத்திருக்கிறவனுக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரியும். என் கிணறும் பங்குனியில் தரை தட்டும்.

அதனால் மதகை என்றைக்கும் திறந்தே வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் போட்டு அடைக்காதீர்கள் என்கிறேன். ஒரு இரும்பு ஷட்டர் போடுங்கள். ஆடியிலிருந்து கார்த்திகை முடியும் வரை திறந்திருக்கட்டும். புயல் காலம் ஓய்ந்ததும் மார்கழியில் மூடுங்கள். மலை ஓடையில் கசிவு தை வரைக்கும் வரும், அதைப் பிடித்து வைத்தாலே கிணறுகளுக்கு ஓரளவு ஊறும். கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். அவசரத்துக்குத் தண்ணீரை இறக்க வேண்டும் என்றால் வழியே இருக்காது. கரையை வெட்டித்தான் விட வேண்டும். வெட்டிவிட்ட மண் கரையை ஓடுகிற தண்ணீரில் எவனாலும் மறுபடி அடைக்க முடியாது.

21 ஆகஸ்ட்

குடியாத்தத்திலிருந்து ஒருவர், "ஒன்றரை அடியில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று எழுதியிருந்தார். மோர்தானா அணை நிரம்பினால் கவுண்டன்ய ஆற்றில் என்ன வரும் என்று பார்த்த ஊர்க்காரர், அவரே இப்படிக் கேட்கிறார். கணக்கைப் போட்டே காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு வெள்ள அளவைக் கணிக்க ரைவ்ஸ் சூத்திரம் என்று ஒன்று உண்டு. 1884இல் சென்னை மாகாணத்து ஏரிகளை வைத்து வந்தது. நீர்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்த எண் 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையை ஒட்டிய சிறு பரப்புக்கு 10.2. இப்போது இதைவிட நுணுக்கமான முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் கை கணக்குக்கு இது போதும்.

உங்கள் அணைக்கு மேலே பத்து சதுர கிலோமீட்டர் மலை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் விநாடிக்கு சுமார் 47 கன மீட்டர், அதாவது 1,670 கன அடி. கடைவாசல் எண்பது அடி நீளம் என்றால், இவ்வளவு தண்ணீர் அதன் மேல் 3 அடி 7 அங்குல உயரத்துக்கு ஏறிப் போகும். கரையின் தலை கடைவாசலை விட ஆறு அடி உயரத்தில் இருந்தால், மிச்சம் இருப்பது 2 அடி 5 அங்குலம். இப்போது கடைவாசலை ஒன்றரை அடி உயர்த்துங்கள். மிச்சம் 11 அங்குலம்தான். பழைய மண் கரை எங்கேயாவது ஒரு அடி அமுங்கியிருக்காமல் இருக்காது. அந்த இடத்தில் தண்ணீர் கரை மேலேயே ஏறிவிடும்.

மண் கரை மேல் தண்ணீர் ஏறினால் அவ்வளவுதான். பின்சரிவில் ஒரு சின்னக் கோடாக இறங்கும், அடிவாரத்தில் குழி பறிக்கும், குழி மேல்நோக்கி அரித்துக்கொண்டே வந்து தலையைத் தொடும். கல் அணை மேல் தண்ணீர் வழிந்தாலும் நிற்கும். மண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால்தான் கடைவாசலை எப்போதும் கரையை விட்டு ஒதுக்கி, பாறையோ கெட்டித் தரையோ பார்த்துக் கட்டியிருப்பார்கள்.

21 ஆகஸ்ட், பிற்சேர்க்கை

"பழைய ஏரிகளில் கடைவாசல் மேல் குத்துக்கல் நட்டு, நடுவில் மண்ணும் வைக்கோலும் அடைத்துத் தண்ணீரை உயர்த்துவார்களே?" என்று சரியாகப் பிடித்திருக்கிறார் ஒருவர். உண்மைதான், எங்கள் ஏரியிலும் அந்தக் கற்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அதன் அழகே, பெரிய வெள்ளம் வந்தால் மண்ணும் வைக்கோலும் அடித்துக்கொண்டு போய்விடும், கல் மட்டும் நிற்கும் என்பதுதான். மழைக்காலம் முடியும் தறுவாயில்தான் அடைப்பார்கள். கான்கிரீட் திட்டு வெள்ளத்துக்கு வழிவிடாது.

25 ஆகஸ்ட்

17ஆம் தேதி எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசனை. காலி இடம்தான் சொத்து என்று எழுதினேன். அந்தச் சொத்து எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும் இல்லையா?

அணையின் கொள்ளளவு 12 மில்லியன் கன அடி என்று வைப்போம். ஆறேழு மீட்டர் உயரத்து மண் அணைக்கு இது பொருத்தமான அளவு. பத்து சதுர கிலோமீட்டரிலிருந்து வழிந்து வரும் தண்ணீரில் வெறும் 3.4 சென்டிமீட்டர் அளவுதான் இதற்குள் அடங்கும். காய்ந்த மண்ணும் காடும் குடிப்பதைக் கழித்தாலும், பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பெய்கிற நாளில் அணை கட்டாயம் நிரம்பிவிடும். அப்படிப் பார்த்தால் ரொம்பச் சின்ன இடம்.

ஆனால் நேரமாகப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1,670 கன அடி உச்ச வெள்ளத்தை இந்த அணை இரண்டு மணி நேரம் விழுங்கும். மலை ஓடையில் உச்ச வெள்ளம் மிஞ்சிப்போனால் அவ்வளவு நேரம்தான் நிற்கும். இடிமழையில் காலி அணை ஊரைக் காப்பாற்றிவிடும். புயல் மழை மணிக்கணக்கில் விடாமல் பெய்யும், அப்போது அணை நிரம்பியே தீரும், ஊரைக் காப்பாற்ற வேண்டியது கடைவாசலும் கரையும்தான்.

ஆகவே என் கருத்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அடிமதகும் முக்கியம், ஆனால் கடைவாசலை உயர்த்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டில் ஒன்றைத்தான் தடுக்க முடியும் என்றால், உயர்த்துவதைத் தடுங்கள்.

2 செப்டம்பர்

நேற்று நேரில் போய் வந்தேன். தம்பியும் அவர் மாமாவும் கூட வந்தார்கள். கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தோம். பார்த்ததை எழுதுகிறேன்.

கரை நல்ல கரை. செம்மண்ணும் களியும் கலந்து போட்டிருக்கிறார்கள், உள்சரிவில் அலை அரிக்காமல் பதித்த அலைக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பின்சரிவில் அருகம்புல் பிடித்திருக்கிறது, அதை யாரும் சுரண்டாமல் விட்டாலே போதும்.

நடுவில் ஒரு இடத்தில் டிராக்டர் ஏறி இறங்கிக் கரை பள்ளமாகிவிட்டது. இரண்டு குச்சி நட்டு, கொத்தனாரின் ரசமட்டக் குழாயைப் பிடித்துப் பார்த்தோம். ஒரு அடிக்கும் மேல் இறக்கம். தம்பியின் மாமா சும்மா நின்றார், அப்புறம், "நான்தாம்பா இந்த வழியா டிராக்டர் ஓட்டறேன், இனிமே சுத்திப் போறேன்" என்றார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கடைவாசலில் மீன் குத்தகைக்காக யாரோ வலை கட்டி, மூங்கில் நட்டிருக்கிறார்கள். போன மழையில் குட்டை மாதிரி தேங்கிய தண்ணீரில் விட்ட மீனாம். அந்த வலையில் ஆகாயத்தாமரையும் செத்தையும் அடைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு கடைவாசல் மூடிக் கிடக்கிறது. முன்பு போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு போனால் தண்ணீர் 3 அடி 7 அங்குலத்துக்குப் பதில் 4 அடி 8 அங்குலம் ஏறும். கடைவாசலை உயர்த்தாமலேயே ஒரு அடி பறிபோகிறது. கரையின் பள்ளத்தில் மிச்சம் நாலு அங்குலம். வலையை அன்றைக்கே அறுத்துப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைவாசலுக்குக் கீழே போகும் ஓடைக்காலில் சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாத அளவுக்கு. அதற்கும் கீழே ஓடைக்காலையே சமன்படுத்தி ஒருவர் மனைக்கல் நட்டிருக்கிறார். இதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை, தாசில்தாருக்கு ஊரார் மனு கொடுத்திருக்கிறார்கள்.

3 செப்டம்பர்

கரையில் இருக்கும் பனைமரங்களை வெட்ட வேண்டுமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். வெட்டாதீர்கள். பனையின் வேர் சல்லி சல்லியாகப் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது கருவேலம், வேம்பு போன்ற ஆணிவேர் மரங்களுக்கு. அதுவும் உயிரோடு இருக்கும்போது பெரிய ஆபத்தில்லை, செத்த பிறகுதான். வேர் மக்கி, அது இருந்த இடம் கரைக்குள் குழாயாக நிற்கும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். மரத்தை அடியோடு வெட்டி வேரை உள்ளேயே விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வேலை. எடுத்தால் வேரோடு தோண்டி எடுத்து, குழியை மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். இளங்கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாம் இதே கதைதான்.

19 செப்டம்பர்

"கரை பின்பக்கம் ஈரமாக இருக்கிறது, உடையுமா?" என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் படம் போட்டிருக்கிறார். ஈரம் எல்லா மண் கரையிலும் இருக்கும். கசிவும் இருக்கும். அதில் மண் வருகிறதா என்பதுதான் கேள்வி.

2021 நவம்பரில் எங்கள் ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போன அதே வாரம். விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனதே, அந்த மழை. ராத்திரி கரை சுற்றிக்கொண்டிருந்தபோது பின்சரிவின் அடியில் சலசலவென்று சத்தம். டார்ச் அடித்தால் கை மணிக்கட்டுப் பருமனில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் நெல் உமி அளவுக்கு மெல்லிய மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்டுவிடும் நீர்கட்டித் தாத்தா குந்தி உட்கார்ந்து, எவர்சில்வர் சொம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு அடியில் விரலை விட்டுத் தேய்த்தார். நறநறவென்று மண். "தெளிவா வந்தா வுட்டுடுவேன் தம்பி. இது கரைய தின்னுகினு வருது, ஆளுங்கள எழுப்பு" என்றார்.

வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கப் பாய்ந்தார்கள். தாத்தா விடவில்லை. பின்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே முட்டி வேறு இடத்தில் பெரிதாகப் பிய்த்துக்கொள்ளும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய கல் என்று அடுக்கினோம். சுற்றிலும் மணல் மூட்டைகளால் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டம் கட்டினோம். வட்டத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் அதன் கனமே கொப்பளிப்பை அடக்கியது. விடியும்போது வழிந்தது தெளிந்த தண்ணீர். இன்னொரு பக்கம் மதகை முழுதாகத் திறந்துவிட்டோம், அதையும் படிப்படியாகத்தான். ஒரேயடியாக மட்டத்தை இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு பாளம் பாளமாகச் சரிந்துவிடும்.

அந்த மதகு இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதல் நாள் அவ்வளவு அழுத்தமாக எழுதியதற்கு இதுதான் காரணம்.

7 அக்டோபர்

பேச்சு காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போய்விட்டது, போகட்டும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து மண் கரை ஆயிரம் வருஷத்துக்கு மேல் எப்படி நிற்கிறது என்று கேட்கிறார்கள். மண் கரை சும்மா நிற்காது. ஒவ்வொரு வருஷமும் யாராவது மண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏரி மராமத்துக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருந்தார்கள், அதன் விளைச்சல் கரைக்குப் போகும். குடிமராமத்து என்று ஊரே இறங்கும். 1858இல் வெள்ளைக்காரன் அதைச் சட்டமாகவே போட்டான். ஏரி உடையும் ஆபத்து என்றால் ஊரில் உடல் வலு உள்ள ஆண்கள் எல்லாரும் வேலைக்கு வந்தாக வேண்டும். கட்டாயப்படுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கரையை யார் பார்ப்பது என்பதில் அன்றைக்குக் குழப்பம் இல்லை.

இன்றைக்கு இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் அணைக்கு ஆயக்கட்டே கிடையாது, வெள்ளத்துக்காகக் கட்டியது. அதனால் இரண்டு அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும்தான். ஆறேழு மீட்டர் மண் கரை அதில் வராது. கீழே வீடு இருக்கிறவன் கண்தான் அதற்குப் பாதுகாப்பு.

10 அக்டோபர்

"உங்கள் ஏரிக்கு ஏன் இவ்வளவு பதற்றம், உடைந்தால் அவர்கள் ஊர்தானே?" என்று ஒருவர் எழுதியதற்கு.

இல்லை ஐயா. ஒன்றின் உபரித் தண்ணீர் அடுத்ததில் விழும் சங்கிலி ஏரியில் மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்காது. கீழ் ஏரியின் கடைவாசல் மழை வெள்ளத்துக்கு அளவெடுத்துக் கட்டியது, மேலே உடைந்த ஏரியின் மொத்தத் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் வரும் என்று யாரும் கட்டவில்லை. 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், பாலாற்றின் தலைப்பகுதியில் பேத்தமங்கலா ஏரி உடைந்தது. அழிந்தது வாணியம்பாடி. அங்கே நினைவுத் தூண் இன்றைக்கும் நிற்கிறது. ஏரி இருந்தது ஒரு ராஜ்யத்தில், சாவு விழுந்தது இன்னொரு ராஜ்யத்தில். உங்கள் கரைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது சில வயல்களும் இரண்டு ஏரிகளும்தான்.

26 அக்டோபர்

மாமா டிராக்டரைச் சுற்றி ஓட்டுகிறாராம். வலை போய்விட்டது. ஓடைக்காலில் முள் வெட்டும் வேலை நூறு நாள் வேலையில் சேர்ந்திருக்கிறதாம். நல்ல செய்தி.

கான்கிரீட் தீர்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

30 அக்டோபர்

சிமெண்ட் மூட்டை இறங்கிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். ஊரில் பெரியவர்களிடம் நேராகப் பேசுங்கள், கணக்கை விட 2021ஐ ஞாபகப்படுத்துங்கள். தீபாவளி முடிந்து நானும் வருகிறேன். மழைக்காலத்தில் மதகுப் பக்கம் கை வைப்பதே தவறு, தை வரை பொறுங்கள் என்றாவது கேட்டுப் பார்ப்போம்.

9 நவம்பர்

போய்ப் பேசினோம். தை வரை தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். கிணற்றுக்காரர்களுக்கு வருத்தம்தான். ஒரு அம்மா, "மதகு திறந்திருந்தா ஊருக்கு நல்லது, மூடியிருந்தா எனக்கு நல்லது, நான் இன்னா சொல்றது?" என்றார். அவருக்கு இரண்டு ஏக்கர், ஒரே கிணறு. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஷட்டர் போட்டு மார்கழியில் மூடும் யோசனையை அவரிடம்தான் முதலில் விளக்கினேன். தலையாட்டினார். செய்கிறார்களா பார்க்கிறேன் என்றுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

1 டிசம்பர், மாலை

ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. விடாமல் பெய்கிறது. எல்லாக் கரையிலும் ஆள் நிற்கட்டும். டார்ச், மண்வெட்டி, காலிச் சாக்கு, ஒரு டிராக்டர் மணல், கொஞ்சம் ஜல்லி தயாராக இருக்கட்டும். பின்சரிவின் அடியை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். பின்னால் இருந்து பார்க்க வேண்டும், கரை மேல் நின்று தண்ணீரைப் பார்ப்பதில் பயன் இல்லை.

2 டிசம்பர், காலை

எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போகிறது, கடைவாசலில் தண்ணீர் வழிகிறது. கரை நன்றாக இருக்கிறது. மேலே என்ன நிலவரம்? யாராவது எழுதுங்கள்.

2 டிசம்பர், இரவு

தம்பி எழுதிவிட்டார். அணை ராத்திரி நிரம்பிக் கடைவாசலில் ஒன்றரை அடி போயிருக்கிறது. டிராக்டர் பள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள், தண்ணீர் அதைத் தொடவில்லை. மதகும் முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. அங்கே கசிவு தெளிவாகத்தான் இருக்கிறதாம், சொம்பில் பிடித்துப் பார்த்தார்களாம்.

மலைக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளம். ஊத்தங்கரை நமக்கு எவ்வளவு தூரம்? ஜவ்வாது மலையின் மறு பக்கம். புயல் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் அந்த மழை நம் ஓடையில் இறங்கியிருக்கும். பத்து சதுர கிலோமீட்டரில் 50 சென்டிமீட்டர் என்றால் சுமார் 177 மில்லியன் கன அடி. 12 மில்லியன் கொள்ளும் அணைக்கு இது கிட்டத்தட்ட பதினைந்து மடங்கு. அப்படி ஒரு நாளில் காலி அணை, நிறைந்த அணை என்ற வித்தியாசமே இருக்காது. கடைவாசல் அகலமாக, அடைப்பில்லாமல், உயர்த்தாமல் இருக்க வேண்டும். கரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று எழுதினேனே, இப்போது அந்தப் பக்கமே முழுதாக வந்துவிட்டேன்.

22 டிசம்பர்

"அதற்குள் மூடலாமா?" என்று கேட்கிறார் தம்பி. வங்கக் கடலில் இன்னும் ஏதாவது உருவாகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அதற்கு முதலில் ஷட்டர் வேண்டுமே! இப்போதைக்குப் பலகையும் சாக்கும் வைத்து, வேண்டும்போது இழுத்துவிடும்படி அடைக்கப் போகிறார்களாம். பலகையில் இரும்பு வளையம் அடித்து வடக்கயிறு கட்டிக் கரை மேல் கொண்டுவந்து விடுங்கள். தண்ணீருக்குள் யாரும் இறங்கிப் பிடுங்க வேண்டிய நிலை வரக்கூடாது. மதகு வாயில் இழுக்கிற வேகம் ஆளை உள்ளே கொண்டுபோய்விடும்.

28 ஜனவரி 2025

குடியரசு தினக் கிராம சபையில் பழைய தீர்மானத்தை மாற்றிவிட்டார்கள். கடைவாசலைத் தொடுவதில்லை. மதகுக்கு ஷட்டர். சாவி ஊராட்சியிடம் ஒன்று, கீழ் ஏரிக்காரர்களிடம் ஒன்று. இரண்டாவது சாவிக்காக நான் கேட்கவே இல்லை, அந்தக் கிணற்று அம்மாதான் எழுந்து சொன்னாராம்.

இனி கரைப் பள்ளத்தை நிரப்பும் வேலை. எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். மண்ணைச் சும்மா கொட்டி மட்டம் பண்ணாதீர்கள், முதல் மழையில் தனியாகக் கழன்று வரும். பழைய கரையைப் படிப்படியாக வெட்டி, புல்லையும் வேரையும் நீக்கி, ஈரப்படுத்திய பிறகு புது மண் போடுங்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஒரு அடுக்கு வேண்டாம். ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கி, மேற்பரப்பைக் கீறிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், ஒட்டினால் ஒரு நாள் காயவிடுங்கள். அமுங்கும் என்று கணக்கு வைத்து அரை அடி உயர்த்தியே விடுங்கள்.

மண்ணை அணைக்குள்ளிருந்தே எடுக்கலாம், ஆனால் கரை அடியிலிருந்து வேண்டாம், உள்ளே தள்ளிப் போய் எடுங்கள். வண்டல் எடுக்கும் அனுமதி தாசில்தார் அலுவலகத்திலேயே கிடைக்கிறது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு டிராக்டர் வரும், டீசல் எங்களுடையது. மாசி முடிவதற்குள் தேதி குறித்துச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அறுவடை.